கரைத்துக் கொடுக்கவும்

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்று சொல்லிவைத்த மகராசன் யாரோ, அவன் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தவனாக இருக்க முடியாது. கால் வைத்திருந்தால் கல்லை விட்டுவிட்டு முதலில் மாத்திரையைப் பற்றி யோசித்திருப்பான்.

தையல்காரர் அன்று காலை வாசலிலேயே மாட்டிக்கொண்டார். காவலாளி அவர் பையைத் திறந்து ஸ்பூனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"வீட்டுக்காரம்மா உள்ள இருக்காங்க. ஏதாவது கலக்கிக் கொடுக்கணும்னா…"

"உள்ள எல்லாம் அவங்களே கலக்கிடுவாங்க. உலோகம் உள்ள போகக் கூடாது. இது என்ன பிளாஸ்க்கு?"

"வெந்நீர்ங்க."

"திரவமா?"

"இல்லீங்க, தண்ணி."

"தண்ணின்னா திரவம்தான் பெரியவரே. ரெண்டும் இங்கயே இருக்கட்டும். போகும்போது வாங்கிக்கங்க. ஒண்ணு சொல்லிடறேன், இடையில வெளிய வந்தீங்கன்னா மறுபடி நாளைக்குத்தான் உள்ள விடுவேன்."

தையல்காரர் தலையாட்டினார். காவலாளியின் சட்டையில் மேல் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு கண்டிப்பான மனிதருக்கு ஒரு பொத்தான் அடங்கவில்லையே என்று நினைத்தபடி உள்ளே போனார்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து, மடித்துவைத்த புடவையை இன்னொரு தரம் மடித்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகத்தான் இருந்தாள். அதிகம் பேசக் கூடாது, எதையும் கெட்டியாக விழுங்கக் கூடாது, இவ்வளவுதான் கட்டளை.

"வீட்டைப் பெருக்கினீங்களா?" என்றாள். குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

"பேசாத. பெருக்கினேன்."

"கட்டிலுக்கு அடியில?"

"பேசாதன்னா!"

"அப்ப பெருக்கல."

அக்கா வருகிறாள், அதுதான் விஷயம். மனைவியின் உடன்பிறந்த அக்கா. ஏதோ ஒரு கல்யாண வீட்டில், யார் முதலில் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள் என்பதில் ஆரம்பித்த மனஸ்தாபம். வருஷக்கணக்கில் பேச்சில்லை. தங்கைக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு, தானே வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். இன்று சாயங்காலம் ரயில், நாளை விடிந்ததும் திரும்பிப் போகும் ரயில். அதற்குள் தங்கை வீட்டில் இருக்க வேண்டும். நாலு மணிக்கு டாக்டர் சுற்றி வருவார். கடைசி மருந்து உள்ளே போயிருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். போகவில்லை என்றால், வரிசையாக விடுமுறை, அடுத்த வாரம்தான்.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கோப்பையோடு வந்தாள். அடியில் கொஞ்சம் தண்ணீர், குருவி குளிக்கப் போதாது. அதற்குள் ஒரு மாத்திரை. நாலு துளை போட்டால் கோட்டுப் பொத்தானாகத் தைத்துவிடலாம், அத்தனை பெரிது. கோப்பையை வைத்துவிட்டு நர்ஸ் கைகட்டி நின்றாள்.

"குடிக்கலாமா சிஸ்டர்?"

"கரைஞ்சதும் குடிக்கலாம்."

மூவரும் மாத்திரையைப் பார்த்தார்கள். அது பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தது.

"எப்பக் கரையும்?"

"அதை மாத்திரையைத்தான் கேக்கணும்."

தொட்டுப் பார்த்தார். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. "கொஞ்சம் கலக்கி விடுங்களேன்."

நர்ஸ் சீட்டை எடுத்து நீட்டினாள். "பாருங்க, டாக்டர் என்ன எழுதியிருக்கார்? 'கரைத்துக் கொடுக்கவும்.' இதுல ரெண்டு வேலை இருக்கு. கொடுக்கறது வார்டு வேலை, கண்ணை மூடிக்கிட்டுக் கொடுத்துடுவேன். கரைக்கறது வார்டு வேலைன்னு எந்த விதியிலயும் இல்ல."

"பின்ன யார் வேலை?"

"அதைத்தான் நாங்களும் மேல எழுதிக் கேட்டுக்கிட்டிருக்கோம்."

"அதுவரைக்கும் மத்த நோயாளிங்க?"

"முழுங்கிடறாங்க."

"ஒரு ஸ்பூன் இருந்தா நானே…"

"வார்டுல ஒரு ஸ்பூன் இருந்துச்சு. காணாமப் போச்சு. யார் எடுத்தாங்கன்னு விசாரணை முடியறவரைக்கும் வேற ஸ்பூன் வாங்கக் கூடாது."

தையல்காரர் ஆள்காட்டி விரலைக் கோப்பைக்குள் விட்டார். "எடுங்க, எடுங்க! உங்க விரல் வெளியாளு!" என்று நர்ஸ் அலறினாள். விரல் குற்றவாளி போல வெளியே வந்தது.

மனைவி கணவனைப் பார்த்தாள். "பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதனால சுருக்கமாத் திட்டறேன். போய்க் கேட்டுட்டு வாங்க."

"தாராளமாப் போங்க," என்றாள் நர்ஸ். "பொடி பண்ணணும்னா மருந்துச் சன்னல். சுடுதண்ணி வேணும்னா வெந்நீர்ப் பிரிவு. கோப்பையோடயே கொண்டு போங்க. வழியில நீங்க குடிச்சிடாதீங்க, நீங்க நோயாளி இல்ல."

மருந்துச் சன்னலுக்குள் இருந்தவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெற்ற தகப்பனின் பாசம் இருந்தது.

"நம்ம மாத்திரைதான். நல்லா இருக்கே!"

"இருக்குங்க, அதான் கஷ்டம். கொஞ்சம் பொடி பண்ணிக் கொடுத்தா சட்டுனு கரையும்."

சன்னல்காரர் நெஞ்சில் கைவைத்தார். "பொடி பண்றதா? பெரியவரே, நான் கொடுத்தது மாத்திரை. உடைஞ்சா அது சேதாரம். சேதாரமான மருந்தை நோயாளிக்குக் கொடுத்தேன்னா என் வேலை என்னாகறது?"

"உள்ள போனா வயித்துல உடையத்தானே போகுது?"

"வயிறு எங்க ஆளுகைக்குள்ள வராது. சன்னலுக்கு இந்தப் பக்கம் எல்லாம் முழுசா இருக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப பொடியாவே இந்த மருந்து இல்லையா?"

"ஏன் இல்லாம? பக்கத்துச் சன்னல்."

பக்கத்துச் சன்னல் மூடியிருந்தது. தட்டினார். முதல் சன்னல்காரரே எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு நகர்ந்து, அந்தச் சன்னலைத் திறந்து, முன்பின் பார்த்திராதவர் போல "என்ன வேணும்?" என்றார்.

"பொடி."

ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. முதுகில் தட்டினார். டங் என்று ஒரு பெரிய கட்டி மேஜைமேல் விழுந்து நின்றது.

"மழைக்கு ஈரம் பட்டுக் கட்டியாயிடுச்சு. ஆனா பேரு பொடிதான். வேணும்னா கொடுக்கறேன்."

"இதை உடைச்சா…"

"பொடியை யாராவது உடைப்பாங்களா பெரியவரே?" என்று சிரித்தார் சன்னல்காரர். இவ்வளவு வயதாகியும் உலகம் தெரியவில்லையே என்ற இரக்கம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

வெந்நீர்ப் பிரிவு மாடிக்கு அடியில், நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. தையல்காரர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டும் சிந்தாமல், பூனை நடை நடந்து போய்ச் சேர்ந்தார். உள்ளே ஒரு பெரிய கொதிகலன் உர்ர்ரென்று இரைந்தது. அதன் முன்னால் சால்வை போர்த்திக்கொண்டு ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஊழியர்கள் அவரைக் கொதிநிலையார் என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தில் ஒரு நாளும் ஆவி வந்ததில்லை.

"சார், கொஞ்சம் வெந்நீர்."

"எந்த வெந்நீர்? வெதுவெதுப்பா, சூடா, கொதியா?"

"மாத்திரை கரையற அளவுக்குச் சூடு."

"அப்படி ஒரு வகை இல்ல. 'சூடு'ன்னு போட்டுக்கறேன்." ஒரு தாளில் எழுதினார். ஒரு குவளையில் ஆவி பறக்கப் பிடித்தார். தையல்காரர் கையை நீட்டினார். கொதிநிலையார் குவளையை மேஜைமேல் வைத்துத் தாளை உயர்த்திக் காட்டினார்.

"மேல கையெழுத்தாகி வரட்டும்."

"சார், ஆறிடுமே!"

"அதெப்படி ஆறும்? இதுல 'சூடு'ன்னு போட்டிருக்கே! மத்த இடத்துல வெந்நீர் ஆறும். எங்க வெந்நீர் காகிதத்துல ஆறவே ஆறாது."

"அப்ப பச்சைத் தண்ணியாவது இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. இதுல தண்ணியே பத்தல."

"கால் கோப்பைன்னு விதி. ஊத்தினா அரைக் கோப்பை ஆயிடும். அரைக் கோப்பைக்கு யார் பதில் சொல்றது?"

தையல்காரர் ஆயுசில் எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கிறார். மூச்சை இழுத்துக்கொண்டு தொப்பையை மறைத்தவர்கள், கால்சட்டை தைத்த பிறகு காலை மாற்றிக்கொண்டது போலப் பேசியவர்கள் எல்லாரையும் சமாளித்திருக்கிறார். இப்படி ஒரு இடத்தில் அளவுநாடா வைத்ததில்லை. கோப்பைக்குள் பார்த்தார். மாத்திரை ஒரு நூல்கூடக் குறையவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வயிற்றில் புளியைக் கரைத்தது. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் தடையில்லாமல் கரைந்தது அது ஒன்றுதான்.

"சார், இதுக்கெல்லாம் மேல யாரு?"

கொதிநிலையார் எழுந்து நின்றுவிட்டார். "கண்காணிப்பாளர். விதிகளைக் கரைச்சுக் குடிச்சவர்."

கண்காணிப்பாளர் தையல்காரர் சொன்னதைக் கேட்டதும் அகமகிழ்ந்து போனார். குறை என்று வருகிறவர்கள் பெரும்பாலும் உடம்பைப் பற்றித்தான் வருவார்கள். விதியைப் பற்றி ஒருவர் வந்தது இதுதான் முதல் தடவை. உடனே கூட்டம் போட்டார். சன்னல்காரர் வந்தார். கொதிநிலையார், கையெழுத்தாகி வந்த வெந்நீரோடு வந்தார். குவளையின் வெளிப்புறம் வேர்த்திருந்தது. நர்ஸும் வந்து சுவரோரம் நின்றாள்.

கோப்பையை மேஜை நடுவில் வைத்தார்கள். "இது சான்றுப் பொருள், யாரும் தொடக் கூடாது," என்றார் கண்காணிப்பாளர். மேற்குச் சன்னலுக்குத் திரை இல்லை. வெயில் நேராக வந்து கோப்பைக்குள் உட்கார்ந்துகொண்டது. மின்விசிறியும் ஓடவில்லை.

"சார், நாலு மணிக்குள்ள…" என்று தையல்காரர் ஆரம்பித்தார்.

"அவசரப்படக் கூடாது. அவசரப்பட்டா விதி நிதானமாப் புரியாது." கண்காணிப்பாளர் எழுந்தார். நல்ல தோள் அகலம், கோட்டின் அக்குளில் மட்டும் துணி போதவில்லை. அதனால் கையை உயர்த்தினால் கோட்டு இழுத்து, கை தொப்பென்று மேஜையில் விழுந்தது. "முதல் விதி! பணி என்பது…" தொப். "பகுக்கப்பட்டது!" தொப்.

கோப்பை துள்ளியது. தண்ணீருக்குள் மாத்திரை ஒரு குட்டிக்கரணம் போட்டது.

தையல்காரர் முதலில் அதைக் கவனிக்கவில்லை. சன்னல்காரர் எழுந்து உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். "என் கையால இத்தனை பேர் குணமானாங்கன்னு நான் பெருமையடிக்க மாட்டேன் சார். அதைப் பத்தி எனக்குத் தகவல் இல்ல. ஆனா என் சன்னல்ல ஒரு மாத்திரை உடைஞ்சுதுன்னு ஒருத்தன் சொல்லட்டும்!"

கொதிநிலையார் விடுவாரா? "எங்க பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வெந்நீர் பட்டு ஒருத்தருக்குக்கூடக் கொப்புளம் வந்ததில்ல சார். எங்க வெந்நீர் அவ்வளவு கட்டுப்பாடானது."

"பிரமாதம்!" தொப். "இரண்டாம் விதி!" தொப்.

அப்போதுதான் தையல்காரர் பார்த்தார். மாத்திரை இரண்டாகப் பிளந்திருந்தது. உடைந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு புகை போலத் தண்ணீரில் பிரிந்துகொண்டிருந்தது. துணியை வெட்டினால் ஓரம் கூடும், ஓரம் கூடினால் நூல் பிரியும், அவர் நாள் தவறாமல் பார்க்கிற சங்கதி. நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் இந்தப் பேச்சு முடியாதா என்று தவித்தவர், இப்போது இது முடிந்துவிடக் கூடாதே என்று தவித்தார்.

"அவ்வளவுதான், ஒரு துணைக்குழு அமைச்சிட்டுக் கலையலாம்," என்றார் கண்காணிப்பாளர்.

"ஐயா! அதுக்குள்ளயா?" என்றார் தையல்காரர். "அந்த முதல் விதி எனக்குச் சரியா மனசுல பதியல. கொஞ்சம் அழுத்திச் சொன்னீங்கன்னா…"

கண்காணிப்பாளர் முகம் மலர்ந்தது. "பாருங்க, கத்துக்கணும்னு ஒரு ஆர்வம்! முதல் விதி!" தொப். "பணி!" தொப். "பகுக்கப்பட்டது!" தொப், தொப்.

இரண்டு துண்டு நாலாயிற்று.

"இந்த விதியை மீறறவங்க இருக்காங்களா சார்?"

"இருக்காங்களாவா?" தொப், தொப், தொப்.

வெயில் கோப்பையைச் சுட்டுக்கொண்டிருந்தது. நாலு துண்டு நொய்யாயிற்று, நொய் மாவாயிற்று, மாவு மங்கலாயிற்று. "மருந்து கொடுக்கலைன்னு இந்த ஆஸ்பத்திரி மேல புகார் வந்திருக்கலாம்," என்று கண்காணிப்பாளர் தழுதழுத்தார். "குணமாகலைன்னும் வந்திருக்கலாம். ஆனா விதிக்குப் புறம்பாக் குணமானார்னு ஒரு புகார் உண்டா?" கடைசியாக ஒரு தொப். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கோப்பையைச் சுட்டிக் காட்டினார். "இதோ, இந்த மாத்திரையே சாட்சி!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"மாத்திரை எங்கே?"

அறை ஊசி விழுந்தால் கேட்கும்படி ஆயிற்று. தையல்காரருக்கு ஊசிச் சத்தம் பழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது.

"கரைஞ்சிடுச்சுங்க," என்றார் மெதுவாக.

"கரைஞ்சிடுச்சா? யார் கரைச்சது?"

"தெரியலீங்க. தானா…"

"தானாக் கரையறதுக்கு விதியில இடமே இல்ல! அனுமதி இல்லாம ஒரு கரைப்பு நடந்திருக்கு, அதுவும் என் அறையில, என் கண் முன்னால! கோப்பைக்குச் சீல் வைங்க. விசாரணை முடியறவரைக்கும் யாரும்…"

தையல்காரர் சுவரைப் பார்த்தார். கடிகாரம் நாலை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் கதவு திறந்தது. ஆஸ்பத்திரி உடுப்பில், கையில் புடவை மூட்டையோடு, மனைவி நின்றாள்.

"ஏங்க, மாத்திரையைக் கரைக்கப் போனீங்களா, நீங்க கரைஞ்சு போனீங்களா?"

"பேசாத, தொண்டை!"

நர்ஸ் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். கோப்பையை எடுத்தாள்.

"சிஸ்டர்! அதைத் தொடக் கூடாது!"

"மன்னிக்கணும் சார். சீட்டுல 'கரைத்துக் கொடுக்கவும்'னு இருக்கு. கரைக்கறது என் வேலை இல்ல, அதனால இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். இப்பக் கரைஞ்சாச்சு. கொடுக்கறது என் வேலை. இனிமே ஒரு நிமிஷம் கொடுக்காம வச்சிருந்தா, பணி பகுக்கப்பட்டதுங்கற முதல் விதியை நான் மீறினதா ஆயிடும். நீங்க இப்பத்தானே மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னீங்க?"

கண்காணிப்பாளர் வாயைத் திறந்தார். தன்னுடைய விதியே தன் முன்னால் வந்து நின்றதைப் பார்த்து, மரியாதையாக மூடிக்கொண்டார்.

நர்ஸ் கோப்பையை நீட்டினாள். மனைவி ஒரே மடக்கில் குடித்து, முகத்தைச் சுளித்து, கோப்பையை மேஜைமேல் கவிழ்த்தாள். "கசப்பு," என்றாள். பிறகு கண்காணிப்பாளரைப் பார்த்தாள். "விதியெல்லாம் கரைச்சுக் குடிச்சவர் நீங்கதானா ஐயா?"

"ஆமா."

"எந்தத் தண்ணியிலய்யா கரைச்சீங்க? இந்த ஆஸ்பத்திரித் தண்ணியில அது கரைஞ்சிருக்காதே."

நாலு மணிக்கு டாக்டர் வந்தார், கேட்டார், கையெழுத்துப் போட்டார். அந்த வேலை யாருடையது என்பதில் சந்தேகம் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

வாசலில் ஒரே கூச்சல். பெட்டியோடு ஓர் அம்மாள் காவலாளியைப் பிடித்து உலுக்காத குறை.

"உள்ள இருக்கறது என் கூடப் பிறந்தவ! ரயில்லேர்ந்து நேரா வர்றேன். அஞ்சு மணிக்கு மேலதான் பார்க்கலாம்னா, நீ யாருய்யா எனக்கு நேரம் சொல்றதுக்கு?"

"அம்மா, விதி…"

"என் விதி, உன்கிட்ட மாட்டினேன்!"

தங்கை நின்றாள். அக்கா திரும்பினாள். இரண்டு பேர் முகமும் ஒரு கணம் அந்தக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தது. யார் முதலில் பேசுவார்கள் என்று தையல்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இளைச்சிட்டியேடி," என்றாள் அக்கா.

"நீயும்தான்," என்றாள் தங்கை.

"என்னடி குரல் இது? காக்கா மாதிரி!"

"காக்கான்னா கரையத்தானே செய்யும்? இன்னைக்குப் பூரா இங்க அந்த வேலைதான்க்கா."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்குத்தான் நாக்கு வறண்டு கிடக்கு, இந்த ஆளோட கத்திக் கத்தி. குடிக்க ஏதாவது இருக்கா?" என்றாள்.

காவலாளி தன் பெட்டியைத் திறந்து ஸ்பூனையும் பிளாஸ்க்கையும் தையல்காரரிடம் நீட்டினார். தையல்காரர் மூடியைத் திருகினார். ஆவி குப்பென்று எழுந்து அவர் கண்ணாடியை மறைத்தது. காலையில் ஊற்றிய வெந்நீர், கொஞ்சமும் ஆறவில்லை.

"சூடா இருக்கே!" என்றார் காவலாளி ஆச்சரியமாக. "உள்ள ஒரு டம்ளர் வெந்நீருக்கு நாயாப் பேயா அலையறாங்க. நீங்க கையோட கொண்டு வந்திருக்கீங்க, புத்திசாலி! அப்புறம் ஏன் பெரியவரே, இதை உள்ள எடுத்துட்டுப் போகல?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

"பேசாத," என்றார்.

"சுருக்கமா ஒண்ணே ஒண்ணுங்க," என்றாள் அவள், காவலாளி பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமிக்கொண்டு.